பக்கத்து வீட்டு நாய் உங்கள் தோட்டத்தை அசிங்கம் பண்ணுதா? சண்டைக்குப் போகும் முன் இதைப் படிங்க!

காலை ஆறு மணி. வாசல் தெளிக்க வாளித் தண்ணீரோடு கதவைத் திறக்கிறீர்கள். போன வாரம்தான் மண்ணைக் கொத்தி, எரு போட்டு, சிறுகீரை விதை தூவிய பாத்தி. அதன் நட்டநடுவில் ஈரம் காயாமல் ஒரு குவியல். பக்கத்திலேயே பின்னங்காலால் மண்ணை வாரி இறைத்த தடம். முளைவிட்ட கீரையில் பாதி காலி. தெருவைப் பார்த்தால், ஒன்றுமே நடக்காததுபோல வாலை ஆட்டிக்கொண்டு தன் வீட்டு கேட்டுக்குள் நுழைகிறது டைகர்.

அந்த நிமிஷம் வருகிற கோபம் இருக்கிறதே, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அள்ளிப் போடுகிற வேலைகூட இரண்டாம்பட்சம்தான். 'அவங்க வீட்டு நாய் போனதை நான் ஏன் அள்ளணும்?' என்கிற கேள்விதான் சுருக்கென்று குத்தும். வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு வீடுகளை விசாரித்துப் பாருங்கள். ஆரம்பம் ஒரு முருங்கைக் கிளையாகவோ, மொட்டைமாடித் தண்ணீராகவோ, இப்படி ஒரு நாயாகவோ இருக்கும்.

இதை எழுதுகிற நானும் அந்தக் கோபத்தில் ஒரு பெரிய தப்பைச் செய்தவள்தான். அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

முதல்ல, அது டைகர்தானா?

சிரிக்காதீங்க. பல வீடுகளில் பழி ஓரிடம், பாவம் ஓரிடம் கதைதான் நடக்கிறது. பூனை பெரும்பாலும் குழி பறித்துப் போய்விட்டு மண்ணைத் தள்ளி மூடிவிடும். நாய் மூடாது, மேலேயே விட்டுவிட்டுப் போகும். மதில் மேலேயோ, மாடிப்படியிலோ, சன்ஷேடிலோ விதை விதையாகக் கிடந்தால் அது நாயே இல்லை, மரநாய். சென்னை போன்ற ஊர்களில்கூட பழைய மரங்கள் இருக்கும் தெருக்களில் இரவில் நடமாடுகிற பிராணி அது. பழம் தின்னுகிற ஜீவன் என்பதால் கழிவில் கொட்டைகள் அப்படியே இருக்கும்.

அடுத்த சந்தேகம் தெருநாய். கழுத்தில் பெல்ட் இருப்பதால் மட்டும் ஒரு நாய்க்கு வீடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. சோறு வைக்கிறவர்கள் பாசத்தில் பெல்ட் கட்டிவிடுவதும் உண்டு. தெருநாய் என்றால் வழியே வேறு. 2023-ம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, உள்ளாட்சி அமைப்பு பிடித்து, கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் போடுவதுதான் அதற்கான ஏற்பாடு. அதற்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் நிற்பதில் பிரயோஜனம் இல்லை.

அதனால் ஒரு பத்து நாள் பொறுமையாகக் குறித்து வையுங்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். என்ன தேதி, எத்தனை மணி, எந்த இடம். முடிந்தால் செல்போனில் நேரத்தோடு ஒரு போட்டோ. சிசிடிவி இருக்கிற வீடு என்றால் வேலை இன்னும் சுலபம். இந்தக் குறிப்பு பின்னாடி புகார் கொடுப்பதற்காக மட்டும் இல்லை. நாய் எத்தனை மணிக்கு வருகிறது என்பது தெரிந்தாலே பாதிப் பிரச்னைக்கு விடை கிடைத்துவிடும்.

ஏன் உங்க பாத்தியையே தேடி வருது?

உங்கள் மேல் அதற்கு எந்தப் பகையும் இல்லை. நாய்க்குக் காலுக்கு மெத்தென்று இருக்கிற மண் பிடிக்கும். சிமென்ட் போட்ட தெருவில், டைல்ஸ் போட்ட வாசல்களுக்கு நடுவே, கொத்திவிட்ட ஒரே மண் உங்கள் கீரைப்பாத்தி. அதைவிட வசதியான இடம் அதற்கு எங்கே கிடைக்கும்?

இரண்டாவது காரணம் வாசனை. ஒருமுறை போன இடத்தின் வாசனை நமக்குத் தெரியாது, அதற்குத் தெரியும். அந்த வாசனையே மறுநாளும் கூப்பிடும். போய் முடித்த பிறகு பின்னங்காலால் மண்ணைக் கிளறுகிறதே, அது மூடுவதற்காக இல்லை. பாதத்தில் இருக்கும் சுரப்பிகளின் வாசனையை அங்கே பதித்து, 'நான் வந்துட்டுப் போயிருக்கேன்' என்று மற்ற நாய்களுக்கு எழுதி வைக்கிற கையெழுத்து.

மூன்றாவது, கடிகாரம். நாய்க்குத் தூங்கி எழுந்த உடனேயும், சாப்பிட்ட சிறிது நேரத்துக்குள்ளேயும் வயிறு கலக்கும். அந்த நேரத்தில் கேட் திறந்திருந்தால் உங்கள் தோட்டம். மூடியிருந்தால் அவர்கள் தோட்டம். விஷயம் அவ்வளவுதான்.

கருத்தடை செய்யாத ஆண் நாய் என்றால் ஊர் சுற்றுவதும், கண்ட இடத்தில் காலைத் தூக்குவதும் அதிகம். துளசி மாடம், கார் டயர், கேட் தூண் எல்லாமே அதற்கு ஒன்றுதான். துளசித் தொட்டியில் நாய் மூத்திரம் போனதைப் பார்த்துவிட்டு வீட்டுப் பெரியவர்கள் அன்றைக்குச் சாப்பிடாமலே இருந்துவிடுகிற வீடுகள் உண்டு. நாய் வளர்க்கிறவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது.

'எருதானே, விடுங்க!' - இல்லவே இல்லை

மாட்டுச்சாணம் எரு என்றால் நாய் மலமும் எருதானே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். மாடு புல் தின்னுகிறது. நாய் கறியும் முட்டையும் தின்னுகிறது. அதன் கழிவை அப்படியே கீரைப்பாத்தியில் விடுவதும் சரியில்லை, வீட்டு உரக்குழியில் போடுவதும் சரியில்லை. வீட்டு உரத்தொட்டியில் எழும் சூடு அதிலிருக்கும் புழு முட்டைகளைக் கொல்லப் போதாது.

புழு என்றதும் உங்கள் வீட்டுக் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். குடற்புழு மருந்து சரியாகக் கொடுக்காத நாயின் மலத்தில் டாக்ஸோகாரா என்ற உருண்டைப்புழுவின் முட்டைகள் இருக்கலாம். மண்ணில் விளையாடிய கை வாய்க்குப் போனால் முட்டையும் உள்ளே போகும். சிலருக்குக் கல்லீரல், நுரையீரல், அபூர்வமாகக் கண் வரைக்கும் பாதிப்பு போகலாம். கொக்கிப்புழுவின் கதை வேறு. அதன் இளம்புழுக்கள் ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் தோலைத் துளைத்து நுழையும். காலில் கோடு கோடாக ஊர்வதுபோல அரிப்பு வந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். மழைக்காலத்தில் நாயின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் கிருமியும் பரவக்கூடும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அந்த உருண்டைப்புழு முட்டைகள் மலம் வெளியே வந்த உடனேயே தொற்றாது. மண்ணில் இரண்டு, மூன்று வாரம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் ஆபத்து. முதிர்ந்துவிட்டால் மாதக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். ஆக, அன்றன்றைக்கே அள்ளிவிட்டால் ஆபத்தில் பெரும்பகுதி போய்விட்டது. 'அவங்க வந்து அள்ளட்டும், அதுவரைக்கும் கிடக்கட்டும்' என்று ரோஷத்தில் விட்டால் நஷ்டம் நம் வீட்டுக்குத்தான்.

பிளாஸ்டிக் கவரைக் கையில் உறைபோல மாட்டிக்கொண்டு, அடியிலிருக்கும் ஓர் அங்குல மண்ணோடு சேர்த்து எடுங்கள். கவரை உள்வெளியாகத் திருப்பினால் கையில் படாது. கவர் இல்லாமல் கழிவை மட்டும் டாய்லெட்டில் கொட்டித் தண்ணீர் ஊற்றலாம். கிணறும் காய்கறிப் பாத்தியும் இல்லாத மூலையில் ஓர் அடிக்கு மேல் ஆழமாகப் புதைக்கவும் செய்யலாம். மூத்திரம் போன செடிக்கு உடனே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மூத்திரத்தில் இருக்கும் தழைச்சத்து ஒரே இடத்தில் அதிகமாகிவிடுவதால்தான் புல் கருகுகிறது. தண்ணீர் விட்டால் நீர்த்துப்போகும். அந்தப் பாத்தியில் பறிக்கிற கீரையை நன்றாக அலசி, வேகவைத்தே சாப்பிடுங்கள். கொத்தமல்லியைப் பச்சையாகக் கிள்ளி ரசத்தில் போடுகிற பழக்கத்தைக் கொஞ்ச நாளைக்கு ஒத்திப்போடலாம்.

இதில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கர்ப்பிணிகள் பயப்படுகிற டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தோடு தொடர்புடையது. நாய் மலத்தால் வருவதில்லை. இரண்டையும் ஒன்றாக்கி நாயைத் துரத்துகிறவர்கள் நிறைய.

நான் செய்த தப்பு

எங்கள் பக்கத்து வீட்டு நாய்க்கு மணி என்று பெயர். நாட்டு நாய்தான். குட்டியிலிருந்து அந்த மாமாவும் மாமியும் பிள்ளைபோல வளர்த்தார்கள். திடீரென்று ஒரு மார்கழியில் தினமும் எங்கள் பாத்திக்கு வர ஆரம்பித்தது. நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாவது நாள் போட்டோ எடுத்து எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். 'இது யார் வீட்டு வேலைன்னு எல்லாருக்கும் தெரியும்' என்று ஒரு வரி வேறு.

எட்டு மணிக்குள் நாற்பது மெசேஜ். ஆளாளுக்கு ஒரு பழைய கணக்கு. நடுவில் ஒருவர், 'பிஸ்கட்ல வச்சுக் குடுத்தா ரெண்டே நாள்ல முடிஞ்சிடும்' என்று எழுதி, கூடவே சிரிக்கிற எமோஜியும் போட்டிருந்தார். அதற்குக் கட்டைவிரல் தூக்கியவர்கள் மூன்று பேர். கை நடுங்கிப்போய் என் போட்டோவை அழித்தேன். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து மணியைப் பின்கட்டில் கட்டிப்போட்டார்கள். ராத்திரி முழுக்க ஊளை. தோசை மாவு மிஞ்சினால் சொம்போடு வந்து நிற்கிற மாமி, என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவார். இரண்டு மாதம்.

கடைசியில் நானே போனேன். என் காலண்டர் தாளில் எல்லா நாளும் ஒரே நேரம்தான் எழுதியிருந்தது. 5.40-லிருந்து 6 மணிக்குள். அதைக் காட்டினதும் மாமி யோசித்தார். மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து காலை வாக்கிங் நின்றுவிட்டது. மணி தோட்டத்தில்தான் சுற்றுகிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் 5.40-க்குப் பால் பாக்கெட் போடும் பையன் கேட்டைத் திறந்து, திண்ணையில் வைத்துவிட்டு, தாழ்ப்பாள் போடாமல் போய்விடுவான். அவ்வளவுதான் விஷயம். கேட்டுக்கு வெளியே ஒரு துணிப்பை மாட்டியதும் அவனுக்கு உள்ளே வரும் வேலையே இல்லாமல் போனது.

ஒரு துணிப்பை. அதற்காக இரண்டு மாதம் பேசாமல் இருந்திருக்கிறோம்.

எப்படிப் பேசலாம்?

நேரில் போங்கள், தனியாகப் போங்கள். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வாசலில் போய் நின்றால் எதிரில் இருப்பவர் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், நாயைப் பற்றி யோசிக்க மாட்டார். குவியலைப் பார்த்த சூட்டோடும் போகாதீர்கள். சாயங்காலம், அவர்கள் காபி குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற நேரம் நல்லது.

'உங்க நாய்' என்று ஆரம்பிக்காதீர்கள். பெயர் சொல்லுங்கள். வளர்க்கிறவர்களுக்கு அது வீட்டுப் பிள்ளை. பிள்ளையைத் திட்டினால் யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். "மாமா, நம்ம டைகர் தினமும் ஆறு மணி வாக்குல எங்க கீரைப்பாத்தியில வந்து போயிட்டுப் போகுது. பேரன் அங்கதான் விளையாடுறான், அதான் பயமா இருக்கு. அந்த நேரத்துக்கு மட்டும் கேட்டைப் பார்த்துக்க முடியுமா?" இதில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, அவர் செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது. 'நாயைக் கொஞ்சம் கன்ட்ரோல் பண்ணுங்க சார்' என்றால் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்.

"நாய்னா அப்படித்தான்மா இருக்கும்" என்று பதில் வந்தால்? வரும். அப்போதும் குரலை உயர்த்தாமல், "அப்போ அள்ளுறதையாவது நீங்க பார்த்துக்கங்க, நான் காலையில போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னபடி மறுநாள் ஆறு மணிக்கு போன் பண்ணுங்கள். நாலு நாள் தூக்கம் கெட்டால் கேட் தானாக மூடிக்கொள்ளும்.

ஹவுஸ் ஓனர் வீட்டு நாயாக இருந்தால் சொல்லவே சங்கடம்தான். வாடகைக்கு இருக்கிறவர்கள் கீழ்வீடு, மேல்வீடு என்று சேர்ந்து, குழந்தைகளின் உடல்நலத்தை முன்னிறுத்திப் பேசுவது கொஞ்சம் எடுபடும். அதற்கு முன்னால் அடுத்த பகுதியில் இருக்கிற வேலி வேலைகளை முடித்துவிடுங்கள்.

வளர்க்கிறவர்களும் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. நாள் முழுக்கக் கட்டிப்போடுவது தீர்வு இல்லை. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கிற நாய்க்குத் தேவையான நடை கொடுக்காமல் விடுவதும் 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். காலையில் எழுந்ததும், சாப்பாடு போட்ட பிறகும் செயினோடு பத்து நிமிஷம் கூட்டிப்போங்கள். பாக்கெட்டில் இரண்டு பழைய கவர் இருக்கட்டும். வெளியே போக முடியாத நிலையா? உங்கள் தோட்டத்திலேயே ஒரு மூலையில் ஆற்று மணலோ எம்-சாண்டோ கொட்டி, அது போன மலத்தில் கொஞ்சத்தை அங்கே வையுங்கள். வாசனை பிடித்து அங்கே போக ஆரம்பிக்கும். போனதும் தட்டிக்கொடுத்து ஒரு பிஸ்கட். இரண்டு, மூன்று வாரத்தில் பழகிவிடும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து, வருஷத்துக்கு ஒருமுறை வெறிநாய்த் தடுப்பூசி. ஆண் நாயாக இருந்தால் கருத்தடை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், ஊர் சுற்றுவது குறையும்.

நீல பாட்டில் வேலை செய்யுமா?

தமிழ்நாட்டில் எந்தத் தெருவுக்குப் போனாலும் கேட் ஓரத்தில் தண்ணீர் பாட்டில் வரிசையைப் பார்க்கலாம். சிலர் சொட்டு நீலம் கலந்து வைப்பார்கள், சிலர் குங்குமம் கரைத்துச் சிவப்பாக. நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். நீலத்தைக் கண்டு அது பயப்படும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. புதிதாக ஒரு பொருள் இருக்கிறதே என்று இரண்டு நாள் தயங்கும். மூன்றாம் நாள் பாட்டில் மேலேயே காலைத் தூக்கும்.

உருப்படியான வேலை மண்ணில் செய்வதுதான். விதை தூவிய பாத்தி மேல் கோழி வலையைப் படுக்க வைத்து நாலு மூலையிலும் கல் வையுங்கள். செடி வலைக்கண் வழியாக மேலே வந்துவிடும், நாய் காலை ஊன்ற விரும்பாது. செடியைச் சுற்றி வெறும் மண்ணாக விடாமல் தேங்காய் மட்டை, முக்கால் ஜல்லி, உடைந்த ஓட்டுத் துண்டு என்று நிரப்புங்கள். கேட்டுக்கு அடியில் நாய் நுழைகிற இடைவெளி இருந்தால் தகரத்தாலோ வலையாலோ அடைத்துவிடுங்கள், வெல்டிங் கடையில் அரை நாள் வேலை. காம்பவுண்ட் இல்லாத மனை என்றால் காகிதப்பூச் செடியை நெருக்கமாக வையுங்கள். கிளுவையும் நல்ல வேலிதான். துளசித் தொட்டியை மூன்று செங்கல் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். செலவு செய்ய முடிந்தவர்கள், அசைவு தெரிந்ததும் தண்ணீர் பீய்ச்சுகிற ஸ்பிரிங்ளரை ஆன்லைனில் வாங்கலாம். அடிக்காமல் விரட்டுகிற வழி அது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் போட்டால் சில நாய்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பும். ஆனால் ஒரு மழை போதும், வாசனை போய்விடும்.

பழைய வாசனையைப் போக்குவது ரொம்ப முக்கியம். அந்த இடத்து மேல் மண்ணை மாற்றுங்கள். சிமென்ட் தரையாக இருந்தால் செல்லப்பிராணிகள் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனர் போட்டுக் கழுவுங்கள். அமோனியா வாசனை உள்ள கிளீனர் வேண்டாம். மூத்திரத்திலும் அதே வாசனைதான், நீங்களே அழைப்பிதழ் வைத்த மாதிரி ஆகிவிடும்.

செய்யவே கூடாதவையும் உண்டு. மிளகாய்த்தூள் தூவினால் நாயின் பாதத்திலும் கண்ணிலும் எரியும், காற்றடித்தால் உங்கள் பிள்ளையின் கண்ணிலும்தான். பாச்சா உருண்டை நாய்க்கும் பூனைக்கும் விஷம். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் ஆஸ்பத்திரிதான். பினாயிலைச் செடிக்கடியில் ஊற்றுவதும் வேண்டாம். காபிப்பொடிச் சக்கை செடிக்கு நல்லது என்று கொட்டுவார்கள். அதிலிருக்கும் கஃபீன் நாய்க்கு ஆகாது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவது, கல்லால் அடிப்பது எல்லாம் விலங்குவதைச் சட்டத்தில் வரும்.

பேசியும் கேட்கலைன்னா?

எழுத்தில் கொடுங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் வழியாக. இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 'இந்த அபார்ட்மென்ட்டில் நாயே வளர்க்கக் கூடாது' என்று சங்கம் தீர்மானம் போட முடியாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். பொது இடத்தில் நாய் அசிங்கம் செய்தால் வளர்ப்பவர் சுத்தம் செய்யும்படி அதே வழிகாட்டுதல் அறிவுரைதான் சொல்கிறது, சங்கம் அதைக் கட்டாயமாக்க முடியாது, கேட்டுக்கொள்ளலாம். ஆகவே 'நாயை அனுப்பு' என்று கேட்காதீர்கள், 'அள்ளு, செயினோடு கூட்டிப்போ' என்று கேளுங்கள். 

அடுத்தது உள்ளாட்சி. சென்னை மாநகராட்சிக்கு உட்பட்ட இடம் என்றால் 1913-க்கு போன் செய்து புகாரைப் பதியலாம். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் அங்கே கட்டாயமாகிவிட்டன. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். உரிமம் வாங்க வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்பதால், இந்தப் புகார் வழியாக ஊசி போடாத நாய்க்கு ஊசியாவது போடப்படும். மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி சுகாதாரப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள், கிராமமாக இருந்தால் ஊராட்சியில்.

போலீஸுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு, தன் பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வரக்கூடிய அளவுக்கு அலட்சியமாக இருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. கடிக்கப் பாய்கிற நாயை அவிழ்த்து விடுகிறவருக்கு அது பொருந்தும். தோட்டத்தில் மலம் போனதற்கு அந்தப் பிரிவைத் தூக்கிக்கொண்டு போனால் ஸ்டேஷனில் சிரிப்பார்கள். தெருவே நாறுகிறது, பலருக்கும் தொல்லை என்றால் பொதுத்தொல்லை என்ற கணக்கில் வரும். அதற்கான அபராதம் 1,000 ரூபாய் வரைதான்.

எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி, தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழு. வழக்குப் போடுவதற்கு முன்பே இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். கட்டணம் இல்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தாலே பல கேட்டுகள் சாத்தப்பட்டுவிடுகின்றன. அதுவும் நடக்கவில்லை என்றால் சிவில் கோர்ட்டில் தடையாணை கேட்டு வழக்கு. வருஷக்கணக்கில் இழுக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

அந்த பிஸ்கட் யோசனை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு தெருவிலும் அதைச் சொல்ல ஒருவர் இருக்கிறார். விலங்கை விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வைத்த பிஸ்கட்டை டைகர்தான் தின்னும் என்பதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை. காக்காய் கொத்தும், அணில் தூக்கிக்கொண்டு போகும், தெருவில் தவழ்கிற குழந்தை எடுக்கும். உங்கள் குரூப்பில் யாராவது அப்படி எழுதினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாய் வளர்ப்பவரிடமும் சொல்லிவிடுங்கள், அவர் உங்களோடு பேசாமல் இருந்தாலும்.

மணி இப்போதும் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. மாமாவால் மெதுவாக நடக்க முடிகிறது, ஒரு கையில் தடி, ஒரு கையில் செயின். பாத்திப் பக்கம் வந்ததும் நின்று ஒருமுறை மோந்து பார்க்கும். வலை மேல் ஒரு காலை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொள்ளும். "வாடா, அது நம்ம இடம் இல்ல" என்று மாமா இழுத்துக்கொண்டு போவார்.